ஆட்டுக்கு ஒரே ஒரு வசனம்

என்னை மடையன் என்று சொல்பவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். அவர்களில் ஒருவருக்கும் முழு விபரம் தெரியாது. என் ஒரே மகளை அவளுடைய நானாவுக்கே, அதாவது அண்ணனுக்கே, கலியாணம் கட்டிக் கொடுக்கச் சம்மதித்துவிட்டு, அந்தச் சந்தோசத்தில் ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் நான். வழியில் பொறுக்க முடியாமல் இரண்டு துண்டைத் தின்றும் விட்டேன்.

யுத்தம் முடிந்து, கரைத்தீவு ஊடாக மன்னாருக்குப் போகும் பழைய காட்டுப் பாதை திறந்திருந்த காலம் அது. அந்தப் பாதையோரம் புத்தளம் களப்பைப் பார்த்தபடி இருக்கும் குடியேற்றத்தில்தான் எங்கள் வீடு. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து மற்ற முஸ்லிம்களோடு துரத்தப்பட்டு வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியவர்கள் நாங்கள். கொஞ்ச நாளைக்குத்தானே என்று வந்தோம். வந்த இடத்தில் எனக்கு முடி கொட்டியது, மகள் பிறந்தாள், ஓர் ஆட்டோவும் வாய்த்தது. காலையில் நேசரிப் பள்ளிக்கூடச் சின்னப் பிள்ளைகளை ஏற்றுவேன், பகலில் இறக்குவேன். நடுவில் கிடைத்த ஓட்டம் ஓடுவேன்.

என் முகம் ஒரு சங்கடமான முகம். எதைச் சொன்னாலும் சிரிப்பு முன்னால் வந்து நிற்கும். சாவு விழுந்த ஜனாஸா வீட்டுக்குப் போனால் என் மனைவி என்னைக் கடைசி வரிசையில், அதுவும் ஒரு தூணுக்குப் பின்னால் நிற்கச் சொல்லித்தான் அனுப்புவாள். நேசரிப் பிள்ளைகளுக்கு மட்டும் அந்த முகம் பிடிக்கும். ஆட்டோவுக்குள் அவர்கள் ஒருவரையொருவர் கடிக்காமல் இருக்க நான் ஒரு கதை சொல்வேன்.

எல்லாருக்கும் தெரிந்த பழைய சிறுவர் கதைதான். நான் பித்தான் அறுந்த காற்சட்டையோடு பள்ளிக்கூட வாங்கில் இருந்த காலத்திலேயே அது பழைய கதை. காட்டில் நெருப்புப் பிடிக்கிறது. தாயை இழந்த மான்குட்டி ஒன்று ஊரோர வேலிக்கு வந்து சேர்கிறது. குட்டியைப் பறிகொடுத்த ஒரு வெள்ளாடு அதற்குப் பால் கொடுக்கிறது. உப்பு மூட்டை சுமக்கும் கழுதை ஒன்று அதற்கு வாத்தியாராகிறது. காற்று அடித்தால் எந்தப் பக்கம் முகத்தை வைப்பது, எப்போது ஓடுவது, எப்போது அசையாமல் நிற்பது, பின்னங்காலால் எப்படி உதைப்பது என்றெல்லாம் கழுதை படிப்பிக்கிறது. மான் வளர்ந்து காட்டுக்குத் திரும்பிப் போகிறது.

கழுதை நான். அதில் போட்டிக்கு இடமில்லை. மானாக வருவதற்குப் பிள்ளைகள் அடிபடுவார்கள். ஆடாக வர ஒருவருக்கும் விருப்பமில்லை, ஏனென்றால் ஆட்டுக்குக் கதையில் ஒரே ஒரு வசனம்தான்: "வா, குடி." கழுதைக்குப் பக்கம் பக்கமாகப் பேச்சு. கத்தலாம், உதைக்கலாம், மூட்டையைக் கொட்டலாம். ஆடு பாலைக் கொடுத்ததோடு சரி, பிறகு கதை அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கடைசியில் மட்டும், மான் தன் குட்டியையும் கூட்டிக்கொண்டு ஆட்டுக்குக் காட்ட வேலியோரம் வருவதாகப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொன்னார்கள். நான் அதை வெட்டிவிட்டேன். அந்த இடத்தில் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சத் தொடங்கினார்கள், எனக்குச் சிரிப்பும் விழவில்லை. என் கதையில் மற்ற மான்கள் கேட்கும், "உன்னை வளர்த்தது யார்?" மான் சொல்லும், "ஒரு கழுதை!" ஆட்டோ குலுங்கும்.

ஒருநாள் எங்கள் வாசலில் நின்று பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பிக்கொண்டிருந்தபோது, எல்லாரிலும் சின்னவள் கேட்டாள், "மாமா, ஆடு எங்க?"

"ஆடு கடைக்குப் போயிட்டு. கதைக்கு அது இனித் தேவையில்ல" என்றேன்.

குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி நிமிராமலே சொன்னாள், "ஆடு எங்கயும் போகல்ல. வேலிக்குள்ளதான் நிக்கிது."

அதையும் மறுநாள் கதையில் ஒரு பகிடியாகச் சேர்த்துக்கொண்டேன். நன்றாக எடுபட்டது.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் அந்தச் சம்பந்தம் வந்தது. கேட்டவன் என்னோடு ஒரே வள்ளத்தில் வந்த பழைய கூட்டாளி. யுத்தம் முடிந்ததும் மன்னாருக்குத் திரும்பிப் போய்க் காணியைத் துப்புரவாக்கி வீடும் கட்டிவிட்டான். அவனுடைய மகன் 'பட்டா' என்னும் சின்ன லொறியில் கருவாடு ஏற்றிக்கொண்டு வாராவாரம் எங்கள் வீட்டு வாசல் பாதையால் புத்தளத்துக்குப் போவான். நல்ல பிள்ளை, தொழுகை தவறாத பிள்ளை என்று சந்தியில் பேச்சு. கூட்டாளி பஸ் நிலையத்தில் என் ஆட்டோவுக்குள் ஏறி இருந்துகொண்டு சொன்னான்:

"மச்சான், ஒரு கதை கதைக்கணும்."

"கடனெண்டா எறங்கு. எனக்கே பெட்ரோல் இல்ல."

"பகிடி உடாத. ஒன்ட மகள என்ட மகனுக்குக் கேக்க வந்தன்."

நான் கொஞ்சம் இருமினேன். "சீதனம்..."

"ஒண்டும் வேணாம். வீடு இருக்கு, நக நட்டும் வேணாம். என்ட பொஞ்சாதி சொல்லிட்டா. 'அந்த ராத்தா நமக்குச் செஞ்சதுக்கு நாம என்னத்தச் செஞ்சோம்? அவட புள்ளைய வெறுங்கையோட கூட்டிக்கிட்டு வந்து ராணி மாதிரி வச்சிருக்கணும்' எண்டு."

அந்த ராத்தா, அதாவது அவள் அக்கா என்று கூப்பிடும் என் மனைவி, அவர்களுக்கு என்ன செய்தாள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சீதனம் வேண்டாம் என்ற சொல்லோடு என் இரண்டு காதும் அடைத்துவிட்டன. பெண்ணைப் பெற்றுவிட்டு ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கு வரும் வியாதி அது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று கையைப் பிடித்தேன். பிறகுதான் மஸ்கட்.

வீட்டில் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பெட்டியை அவள் மடியில் வைத்து விசயத்தைச் சொன்னேன். மகள் குசினிக்குள் ஓடினாள். மனைவி கீரைக் கட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அவங்கட மூத்தவனுக்கா?"

"ஓம்."

"அவன் என்ட புள்ள."

"ஓமோம், நம்மட புள்ள மாதிரித்தான். அதுதானே சந்தோசம்."

"மாதிரி இல்ல" என்றாள்.

அப்போதுதான் எனக்கு அகதி முகாம் ஞாபகம் வந்தது.

வள்ளத்தில் வரும்போது எங்களுக்கும் ஓர் ஆண் குழந்தை இருந்தது, எங்கள் முதல் பிள்ளை. கற்பிட்டி முகாமில் வயிற்றோட்டத்தில் போய்விட்டான். தென்னந்தோப்பு ஓரமாக மணலில் அடக்கினோம். பிள்ளை போன பிறகும் மனைவிக்குப் பால் நிற்கவில்லை. ஓலைக்குப் பின்னால் போய் நின்று மணலில் பீய்ச்சிவிட்டு வருவாள். அந்த நேரத்தில்தான் பக்கத்துப் பாயில் கிடந்த கூட்டாளியின் மனைவிக்கு மலேரியா. நினைவு தப்பிய நிலையில் ட்ரக்டரில் போட்டு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூட்டாளியும் கூடவே போய் அங்கேயே தங்கிவிட்டான். அவர்களுடைய கைக்குழந்தை பாயில் கிடந்து கத்தியது. என் மனைவி ஒருவரையும் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு சேலைத் திரைக்குப் பின்னால் போனாள். அழுகை நின்றது.

கூட்டாளியின் மனைவி திரும்பி வர மாதக்கணக்காயிற்று. அதுவரை குழந்தை என் மனைவியிடம்தான். வந்தவள் பிள்ளையை நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். ஒரு சொட்டும் இல்லை. அவள் அழுத அழுகையைப் பார்த்து என் மனைவி சொன்னாளாம், "கவலப்படாத புள்ள. மொதல் ராவு மட்டுந்தான் நான் குடுத்தன். பொறகு பால் மா டின்." பிளேன்டீக்குச் சீனி இல்லாத முகாமில் மா டின் எங்கிருந்து வந்ததென்று ஒருவரும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் அவர்கள் அனுராதபுரப் பக்கம் சொந்தக்காரரிடம் போய்விட்டார்கள்.

என் மனைவி பால் கொடுத்ததை என் கண்ணால் கண்டவன் நான். எப்படி மறந்தாய் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் மகனை அடக்கிய அந்தக் காலத்தை முழுதாக மூட்டை கட்டி எங்கோ எறிந்திருந்தேன். மூட்டைக்குள் இதுவும் இருந்திருக்கிறது. அவள் எறியவில்லை.

மறுநாள் எங்கள் பள்ளிவாசல் மௌலவியைத் தேடிப் போனேன். நேராகக் கேட்க வெட்கம். "ஹஸரத், ஒரு ஆடு ஒரு மான்குட்டிக்குப் பால் குடுத்துச்செண்டு வைங்க" என்று தொடங்கினேன்.

"ஆட்டுக்கும் மானுக்கும் சட்டம் கெடயா. மனுசருக்கெண்டா சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பால்குடிப் பருவத்துப் பிள்ளைக்கு வயிறு நிறைய ஐந்து தடவை ஒருத்தி பால் கொடுத்தால் அவள் அதற்குத் தாய், அவள் பெற்ற பிள்ளைகள் அதற்கு உடன்பிறப்பு, கலியாணம் ஹராம் என்றார். ஐந்துக்குக் குறைந்தால் ஒன்றுமில்லை. "அவங்களும் மன்னார்ல ஒரு மௌலவிட்ட கேட்டிருப்பாங்க. ஒரு தரம் ரெண்டு தரமெண்டு நெனச்சிருப்பாங்க. குடுத்தவவத்தான் கேக்கணும். அவட வாய்ச் சொல்லுதான்." நான் செருப்பைப் போடும்போது பின்னால் வந்து இன்னொன்றும் சொன்னார், "அப்படியெண்டா நீங்க அவனுக்குப் பால் வாப்பா."

திரும்பி வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்கும் ஒரு மகன் இருந்திருக்கிறான். வாராவாரம் கருவாட்டு மணத்தோடு என் வாசலைத் தாண்டிப் போயிருக்கிறான். நான் கழுதையாகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆனாலும் பெண்ணைப் பெற்றவனின் வியாதி இலேசில் விடாது. மனைவியிடம் கேட்டேன், "எத்தின தரமெண்டு ஒனக்கு ஞாபகமா?"

"நான் எண்ணல்ல."

"எண்ணாட்டி ரெண்டாவும் இருக்கலாந்தானே?"

"நீங்க சொல்லுங்க ரெண்டெண்டு. குடுத்தது நீங்கதானே."

அவள் வாயில் 'ரெண்டு' என்ற ஒரு சொல் வந்தால் மகளுக்கு நல்ல மாப்பிள்ளை, நல்ல வீடு, எனக்கு நித்திரை. ஆனால் அந்தச் சொல்லோடு அவன் அவளுக்கு ஒன்றுமில்லாமல் போய்விடுவான். முகாமில் ஒரு மகனை அடக்கியதற்குப் பிறகு இன்னொருமுறையும் அடக்க வேண்டும்.

"அப்ப அவங்கள வர வேணாமெண்டு சொல்லட்டா?"

"வரட்டும். நான் அவன ஒருக்காப் பாக்கணும்" என்றாள்.

வந்தார்கள். கூட்டாளி, அவன் மனைவி, மகன். எங்கள் வீட்டில் முன்னறைக்கும் குசினிக்கும் நடுவே ஒரு துணித் திரை மட்டும்தான். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணின் தாய் அந்நிய ஆணுக்கு முன்னால் வருவது எங்கள் வழக்கமில்லை. வந்தாலும் முக்காட்டை நெற்றி வரைக்கும் இழுத்துக்கொண்டுதான் வருவாள். என் மனைவி தேநீர்த் தட்டோடு திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். முக்காடு தோளில் கிடந்தது. இழுத்துவிடவில்லை. நரைத்த தலை முழுதாகத் தெரிந்தது. நான் இரண்டு தரம் இருமினேன், கையால் என் தலையைத் தடவியும் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. அவன் இருந்த கதிரைக்கு முன்னால் போய் நின்றாள். ஒரு தாய் மகனுக்கு முன்னால் நிற்பது போல.

"குடிங்க மகன்" என்றாள்.

நல்ல வளர்ப்பு வளர்ந்த பிள்ளை அவன். அந்நியப் பெண்ணொருத்தி தலையை மூடாமல் முன்னால் நின்றதும் பார்வையைச் சட்டென்று தரையில் போட்டுவிட்டான். கோப்பையைக் கைநீட்டி எடுத்தான், முகத்தை நிமிர்த்தவில்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

விளங்கியது ஒருத்திக்குத்தான். கூட்டாளியின் மனைவி எழுந்து என் மனைவியின் பின்னால் குசினிக்குள் போனாள். திரைக்கு அந்தப் பக்கம் பேசியது எல்லாம் இந்தப் பக்கம் கேட்டது.

"ராத்தா, என்ன இது?"

"என்ட புள்ளைக்கு முன்னுக்கு நான் ஏன் மூடணும்?"

"ரெண்டு தரம் குடுத்தா புள்ளையாகுமா? நாங்க கேட்டுத்தானே வந்தம்."

"ரெண்டு தரமில்ல புள்ள. நீ வார வரைக்கும்."

"மா டின்னெண்டு சொன்னீங்க."

"டின் எங்க இருந்திச்சு அங்க?"

அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது, ஒருவரும் எடுக்கவில்லை.

"அப்ப எனக்குப் பொய்யா சொன்னீங்க? இவ்வளவு காலமும்?"

"ஒன்ட அழுகையப் பாக்க ஏலாமத்தான்."

"அவன் என்ட புள்ள, ராத்தா."

"ஒன்ட புள்ளதான். இல்லெண்டு சொன்னனா? என்டயும்."

கூட்டாளியின் மனைவி வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. நன்றிக்கடன் தீர்க்க வந்தவள், அவளறியாமல் தன் பிள்ளையில் பாதியை யாரோ வைத்திருந்ததைத் தெரிந்துகொண்டு நின்றாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூட்டாளி என் கையைப் பிடித்து, "அல்லாஹ் பெரிய பாவத்துல இருந்து காப்பாத்தினான் மச்சான்" என்றான். அவன் சொன்னது உண்மை. ஆனால் அவன் மனைவி வாசல்படி இறங்கும்போது ஸலாம் சொல்லவில்லை. மகன் ஒன்றும் விளங்காமல் பின்னால் போனான். லொறிக்குள் வைத்துத்தான் அவனுக்குச் சொல்லியிருப்பார்கள்.

மகள் திரைக்கு அருகில் நின்றாள். காலையில் புதுச் சல்வார் போட்டு, தோழிகளுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தவள்.

"வாப்பா, மாப்பிள்ளயா வந்தாரு, நானாவாப் போறாரு. இனி யாரு கேப்பா என்ன?"

"நானா ஒருத்தரு கெடச்சாருதானே மகள்."

"அப்ப பெருநாளைக்கு உடுப்பு எடுத்துத் தரச் சொல்லுங்க" என்றாள். சிரித்தாள். பிறகு சல்வாரை மாற்றப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

பெருநாள் வந்தது. உடுப்பு வரவில்லை. லொறி மட்டும் வாராவாரம் போனது. எங்கள் வாசலுக்கு அது வரும் நேரம் என் மனைவிக்கு முற்றம் கூட்டும் நேரமாயிற்று. வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டாள், அவளுக்கு ரோசம் அதிகம். கூட்டுமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டிய இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டுவாள். லொறி வேகம் குறையாமல் போகும். தூசி அடங்கிய பிறகு உள்ளே வருவாள்.

நேசரிப் பிள்ளைகளுக்கு ஒருநாள் கதையின் பழைய முடிவைச் சொல்லிப் பார்த்தேன். மான் குட்டியோடு வேலியோரம் வருகிறது என்று தொடங்கும்போதே, "கழுத எங்க? கழுதயச் சொல்லுங்க மாமா!" என்று கத்தினார்கள். கத்திக் காட்டினேன். குரல் சரியாக வரவில்லை. கழுதைக்குத் தடிமன், சளி பிடித்திருக்கிறது என்று சொன்னேன்.

மாரி தொடங்கி, மன்னார்ப் பாதையில் குறுக்கிடும் ஆற்றில் தண்ணீர் ஏறிய கிழமை, சந்தித் தேநீர்க் கடையோரம் அந்த லொறி நிற்பதைக் கண்டேன். அவன் வாங்கில் தனியே இருந்தான். நான் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டுப் பக்கத்தில் போய் இருந்தேன். ஸலாம் சொன்னான். எனக்கும் ஒரு பிளேன்டீ சொன்னான். வார்த்தை முழுக்க மரியாதை, பார்வை முழுக்கத் தரையில்.

"மாமா, அங்கால சப்பாத்துப் பாலத்துக்கு மேலால தண்ணி போகுதாமே. லொறி போகுமா?"

"இப்ப போகேலாது. பின்னேரம் வடியும்." அவனைப் பார்த்தேன். என் மனைவியின் சாயல் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடுகிற அளவுக்கு மடையன் நான். பால் முகத்தில் தெரியாது. "அது வரைக்கும் வீட்ட வந்து இருங்களன் தம்பி. அவ நல்லாச் சமைப்பா."

அவன் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"ஒரு அஞ்சி நிமிசம். வாசலோட நிண்டுட்டுப் போனாலும் சரி."

"எங்கட உம்மா அழுவா, மாமா" என்றான். "நான் அங்க வந்தனெண்டு தெரிஞ்சா அவவால தாங்க ஏலாது."

காசைக் கொடுத்துவிட்டு எழுந்தான். என்னுடையதற்கும் சேர்த்துத்தான். அவளைப் பற்றி ஏதாவது கேட்பான் என்று லொறியடி வரைக்கும் கூடவே நடந்தேன். கதவைச் சாத்தினான். தண்ணீர் வடியும் வரை வேறெங்காவது நிற்கலாம் என்று புத்தளம் பக்கம் திருப்பிக்கொண்டு போனான்.

நான் உடனே வீட்டுக்குப் போகவில்லை. களப்போரம் ஆட்டோவை நிறுத்தி, என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்தேன். கழுதையாகவும் மானாகவும் ஒரே நேரத்தில் பேசிப் பழகியவனுக்கு இது என்ன பெரிய வேலை என்றுதான் நினைத்தேன்.

முற்றம் கூட்டி முடித்து, ஈரக் கூட்டுமாற்றை வேலியில் சாத்திக்கொண்டிருந்தாள்.

"அவனச் சந்தியில கண்டன்" என்றேன். "ஒன்னப் பத்தித்தான் முழுக்கக் கேட்டான். உம்மா சுகமா இருக்காவா எண்டான். ஆத்துத் தண்ணி வடிஞ்சதும் ஒருநாளைக்குக் கட்டாயம் வருவானாம்."

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"பொய் சொல்லக்குள்ள மட்டுந்தான் நீங்க சிரிக்கிறதில்ல."